சும்மாக் கச்சேரியில் குரல் மாறிய வருஷம்

வல்லநேரியில் பங்குனி மாதம் மூன்று நாள் நடக்கும் பாட்டு விழாவுக்கு அழைப்பிதழில் இசை ஆர்வலர் பெருவிழா என்று பெயர், ஊர் வாயில் சும்மாக் கச்சேரி என்று பெயர். அறுபது வருஷமாக அரிசி ஆலையின் நெல் காயப்போடும் களத்தில், தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, தவிட்டு வாசனைக்கு நடுவே அது நடந்து வந்தது. பாட்டால் பிழைக்கிறவர் எவரையும் அந்த மேடையில் ஏறவிட்டதில்லை. உரக்கடைக்காரரும் தபால் பிரிக்கிறவரும் கல்யாணமாகாத பெண்களும் கல்யாணமாகிப் பாட்டை மறந்துபோன பெண்களும் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் பாடினார்கள், ராகம் கை நழுவிப் போனாலும் தாளம் குப்புற விழுந்தாலும் கீழே உட்கார்ந்திருந்த யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் சிரிக்க நினைத்தவரும் சற்று நேரத்தில் மேலே போக வேண்டியிருந்தது.

அந்த விழாவுக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. பாடி முடித்தவர் உடனே இறங்கிவிடக் கூடாது, அடுத்தவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பாடி முடிக்கும்வரை தம்புரா மீட்ட வேண்டும். அப்படி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக மூன்று நாளும் போய், கடைசியாகப் பாடியவர் மீட்ட, முதல் நாள் முதலில் பாடியவர் வந்து மங்களம் பாடுவார், வளையம் மூடிக்கொள்ளும். அது ஒன்று. மீட்டி முடித்து எழும்போது தம்புராவின் குடத்துக்கு நேரே குனிந்து தன் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பது மற்றொன்று. எதற்கென்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. அறுபத்தொன்றாவது வருஷம் முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். விழாச் செயலாளர் வேலாயுதம் சார், அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பேரு சொல்லுதது இந்த வருஷம் வேண்டாம்வே. ஆளுக்கு அரை நிமிஷம் மிச்சம்” என்றார்.

மூன்றாம் நாள் மங்களம் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தார்கள். எழுந்தபோது முப்பத்தெட்டுப் பேருக்கும் குரல் மாறியிருந்தது. ஒவ்வொருவர் தொண்டையிலும், அவருக்குத் தம்புரா மீட்டியவரின் குரல் இருந்தது.

உரக்கடை ஜெபமணியின் இருபத்தாறு வயதுக் குரல், அவன் மீட்டப் பாடிய செண்பகவல்லிக்கு வந்திருந்தது. அறுபத்திரண்டு வயது செண்பகவல்லியின் குரல், அவளுக்கு அடுத்துப் பாடிய அவள் புருஷன் நல்லபெருமாளுக்குப் போயிருந்தது. அணைக்கட்டில் மடை திறக்கும் வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திக் கத்தியே முறுகிப்போன நல்லபெருமாளின் குரல், பால்வாடி ஆசிரியை ஆவுடையம்மாளின் ஒல்லியான கழுத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஆவுடையின் குரலோ, அவள் தம்புரா மீட்டிய கால்நடை ஆய்வாளர் முத்தழகனிடம் இருந்தது, அவர் அன்று காலை வலங்கைப்பட்டியில் சினைமாடு ஒன்றைப் பார்க்கப் போய் “மாட்டைப் பிடிங்க” என்று சொன்னபோது மாட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே கும்பிட்டு, “வாங்கம்மா, டாக்டரு பின்னால வாராரா?” என்று கேட்டார்.

முதல் நாள் ஊர் கொஞ்சம் அழுதது, இரண்டாம் நாள் சிரித்தது, மூன்றாம் நாள் வேலைக்குப் போனது. நடப்பது நடக்கும்போது பருத்தி எடுக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காது குத்த வேண்டும். குரலுக்காக எதுவும் நிற்கவில்லை. கோயிலில் பட்டர் ஒரு தையல்காரியின் குரலில் அர்ச்சனை செய்தார், அம்மனுக்கு அதுவே பிடித்திருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். தொலைபேசியில் பேசுகிறவர்கள் தங்கள் பெயரோடு குரலுக்குரியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகினார்கள். கிணற்றுச் சண்டையில் பதினோரு வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பிகளில், பாடும் வரிசைக்கான குலுக்கலில் அடுத்தடுத்து விழுந்த தோஷத்தால், தம்பியின் குரல் அண்ணனுக்கு வந்துவிட்டது. அண்ணன் இரண்டு மாசம் வாயைத் திறக்காமல் கிடந்து, ஒரு நாள் தேள் கொட்டி “ஐயோ அம்மா” என்று கத்த, தம்பிக்காரன் தன் குரல் கத்துவதைக் கேட்டுத் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று வேலியைத் தாண்டி ஓடி வந்தான். விழாவில் பாடிய தையல்நாயகியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு பாட்டுக் கேட்டார்கள், அவள் தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் குரலில் பாடினாள், மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மென்றபடி, “குரலு பங்குனிக்கு வந்துரும்லா? அப்ப சித்திரையிலயே முகூர்த்தம் வைப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனிக்கு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். வைகாசியிலும் ஆனியிலும் களத்தில் கூடி, தம்புராவை வைத்துத் திரும்பவும் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அது விழாவில் போனது, விழாவில்தான் திரும்பும் என்று வேலாயுதம் சார் ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

செண்பகவல்லி வீட்டில் அந்த வருஷம் வேடிக்கையாகத்தான் தொடங்கியது. “என் வாயே என்னை வையுதுட்டி” என்று அவள் ஜெபமணியின் குரலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நல்லபெருமாள் சாப்பாட்டைக் குறை சொன்னால் அது அவளே அவளைக் குறை சொன்னதுபோல் இருந்தது, அவரும் பாதியில் நிறுத்திவிட்டு, “சே, இந்தக் குரல்ல கோவப்படவே வரமாட்டேங்கு” என்பார். ஆவணி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஈசிச்சேரில் சாய்ந்திருந்தவர், “அடுப்பை அணைச்சியா” என்று கேட்டார், அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். அவளுடைய குரலோடு போனார். அவரை எரித்தபோது அவள் குரலும் சேர்ந்து எரிந்தது, இதை அவள் உள்பட எல்லோரும் அறிந்திருந்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், சாயங்காலம் நாலு மணிக்கு, செண்பகவல்லி ஆவுடை வீட்டுப் படியேறினாள். கையில் ஒரு தூக்கில் அவல் இருந்தது.

“வாங்க அத்தை” என்றாள் ஆவுடை.

செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நல்லபெருமாளின் குரல் அவளை அத்தை என்றது. பிறகு உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, அவலை நீட்டி, “எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வியா?” என்று கேட்டாள். “ஏளா செண்பகம்னு கூப்பிடு. அவுக அப்படித்தான் கூப்பிடுவாக.”

“அத்தை, நான் எப்படி உங்களைப் பேரு சொல்லி...”

“நீயா சொல்லுத? அவுகல்லா சொல்லுதாக. கூப்பிடுட்டி.”

ஆவுடை கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். செண்பகவல்லி, “வாரேன் வாரேன், எதுக்கு இந்தச் சத்தம்?” என்று பதில் சொல்லி, கண்ணைத் துடைத்து, எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வந்தாள். ஆவுடை கூப்பிடுவாள், அவள் பதில் சொல்வாள், பிறகு தண்ணீர் வந்ததா, கத்தரிக்காய் என்ன விலை என்று அந்தக் குரலோடு சாதாரணமாக ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. நாலு மணிக்கு ஆவுடை வீட்டுக்கு யாரும் வேறு வேலையாகப் போவதில்லை என்று தானாகவே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

ஆனால் அதே வீட்டின் உள் அறையில் ஆவுடையின் அம்மா சொர்ணத்தம்மாள் இருந்தாள். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகளை அவள் குரலால்தான் அறிந்திருந்தாள், குரல் வருகிற திசையில் கையை நீட்டித்தான் சோற்றை வாங்கினாள். பங்குனி விழாவுக்கு மறுநாள் ஒரு முரட்டு ஆண் குரல் “அம்மா, எந்திரி” என்று எழுப்பியபோது அலறியவள், என்ன சொல்லியும் நம்பவில்லை. கையைத் தடவச் சொன்னார்கள், தடவினாள். “கை என் மக கை மாதிரிதான் இருக்கு, எவனோ ஒருத்தன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து அவ கையை நீட்டி ஏமாத்துதான்” என்றாள்.

முத்தழகன் நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, ஆவுடையின் குரலில், ஆவுடை அவர் காதோரம் நின்று கிசுகிசுப்பதையெல்லாம் திருப்பிச் சொல்வார், சொர்ணத்தம்மாள் அன்றைக்கு ஒரு நாள் வயிறாரச் சாப்பிடுவாள். “என்னட்டி, கையெல்லாம் இப்படி முடியா இருக்கு, மருந்து கிருந்து சாப்பிடுதியா?” என்று ஒரு நாள் கேட்டாள். அவர் ஆமாம் என்றார், அதன்பிறகு முழுக்கைச் சட்டை போட்டு வந்தார். தை மாதம் அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. போகும்போது ஆவுடையிடம் அவள் குரலிலேயே, “பங்குனிக்குக் கண்டிப்பா வந்துருதேன் டீச்சர்” என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. சொர்ணத்தம்மாள் நாளுக்கு இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதை நிறுத்தினாள். டாக்டர் சர்க்கரைக்கு ஊசி போட வந்தால், சாப்பிடாத உடம்புக்குப் போடப் பயமாயிருக்கிறது என்று ஊசியைத் திரும்ப எடுத்துப் போனார்.

மாசி மாதக் கடைசியில் வேலாயுதம் சார், ஜெபமணி, இன்னும் சிலர் செண்பகவல்லி வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஆவுடையும் வந்திருந்தாள். வேலாயுதம் சார் ஒரு சாக்கட்டியால் தரையில் வட்டம் போட்டார்.

“போன வழியே திரும்பி வரணும். பேரு சொல்லாமதான் குரல் போச்சு, பேரு சொல்லாமதான் திரும்பும். கடைசியில பாடுனவங்க முதல்ல பாடணும். முத்தழகன் மீட்ட ஆவுடை பாடணும், ஆவுடைக்கு அவ குரல் கிடைச்சிரும். ஆவுடை மீட்ட நல்லபெருமாள் அண்ணாச்சி பாடணும்...” என்றவர் அந்த இடத்தில் சாக்கட்டியை நிறுத்தினார். “அண்ணாச்சி எடம் காலி. காலியா விட்டா வட்டம் மூடாது. யாருக்கும் எதுவும் திரும்பாது. அந்த எடத்துல உக்காருதவங்களுக்கு அண்ணாச்சி குரல் வந்து தங்கிரும். மத்த எல்லாருக்கும் அவங்கவங்க குரல் உசுரோட இருக்கு. குரல் இல்லாதது உங்களுக்கு மட்டும்தான் மதினி. நீங்கதான் அங்க உக்காந்து பாடி, அடுத்து ஜெபமணிக்கு மீட்டணும்.”

“மாட்டேன்” என்றாள் செண்பகவல்லி.

“அவரு குரல் உங்களுக்கே வருது மதினி, வேற யாருக்கும் போகல. உங்களுக்குன்னா சந்தோசம்லா?”

“என்னவே சந்தோசம்?” ஜெபமணியின் வாலிபக் குரலில் அவள் கேட்ட கேள்விக்கு ஜெபமணியே தலையைக் குனிந்துகொண்டான். “என் தொண்டைக்குள்ள வந்துட்டா அது என்னை எப்படிக் கூப்பிடும்? என்கூட எப்படிப் பேசும்? இப்ப நாலு மணிக்கு ஒரு தடவையாவது அவுக பேச்சுக்கு நான் பதில் பேசுதேன். எனக்குள்ள போட்டுப் பூட்டிட்டா யாரு பேச, யாரு கேக்க? இன்னொரு தரம் எரிக்கச் சொல்லுதிய.”

“முப்பத்தாறு பேரு இருக்கோம் அத்தை” என்றான் ஜெபமணி மெல்ல, அந்தக் கூடத்தில் யாருடையது என்று ஊர் மறந்தே போன ஒரு குரலில்.

“முப்பத்தாறு பேரும் வீட்டுக்குப் போனா உங்களைக் கூப்பிட ஆளு இருக்குலா?” என்றாள் செண்பகவல்லி.

எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள். ஆவுடை வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் பேசுவது நல்லபெருமாளின் குரலாக இருக்கும். அந்தக் குரலை வைத்து செண்பகவல்லியிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவது அடித்துப் பிடுங்குவதற்குச் சமம் என்று அவள் நினைத்தாள். மேலாக்கை இழுத்து வாயை மூடியபடி எழுந்து போய்விட்டாள்.

அதன்பிறகும் செண்பகவல்லி நாலு மணிக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆவுடையும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அப்படி ஒரு நாள் வந்தபோது, கூடத்தில் யாரும் இல்லை. உள் அறை நிலையருகே போய் நின்றாள். ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து, ரசஞ்சோற்றைப் பிசைந்து அம்மாவின் உதட்டருகே வைத்திருந்தாள். “ஒரு வாய்ம்மா” என்று எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துச் சொன்னாள், அணைக்கட்டுக் குரல் அதற்கு மேல் தணியவில்லை. சொர்ணத்தம்மாள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். எலும்பாகிப்போன தன் இரண்டு கைகளையும் குவித்தாள்.

“ஐயா, நீங்க யாரோ தெரியாது, நல்ல மனுசன்தான். ஒரு வருசமா அடிக்காம வையாம சோறு போடுதிய. என் மகளை எங்கயாவது பாத்தா ஒரு வார்த்தை சொல்லிருங்க. என்னமோ கோவத்துல போயிட்டா. அம்மைக்கு அவ மேல கோவம் இல்லன்னு சொல்லுங்க.”

ஆவுடை, “சொல்லுதேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவள் நிலையில் நின்ற செண்பகவல்லியைப் பார்த்தாள், அடுக்களைக்குப் போய்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி பின்னாலேயே போய்க் குழாயை அடைத்தாள்.

“உக்காருதேன்ட்டி. அவுக எடத்துல நானே உக்காருதேன்.”

ஆவுடை தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“விழாவுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குலா? ஒம்பது நாளும் கூப்பிடு. இன்னைக்கும் சேத்து. இன்னும் நீ கூப்பிடலையே.”

அறுபத்திரண்டாவது வருஷத்துச் சும்மாக் கச்சேரி பின்னாலிருந்து முன்னாகத் தொடங்கியது, போன வருஷம் முதலில் பாடியவரை வைத்து முடிந்தது. யாரும் பெயர் சொல்லி இறங்கவில்லை. முத்தழகன் முழு இரவும் ரயிலில் நின்று வந்து, ஆவுடைக்குத் தம்புரா மீட்டினார். ஆவுடை பாடி முடித்துத் தம்புராவை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார, அவளுக்கு முன்னால், நல்லபெருமாளின் இடத்தில், செண்பகவல்லி வந்து சம்மணமிட்டாள். அவர் வருஷா வருஷம் பாடும் அதே முகாரியைத்தான் பாடினாள். அவர் தாளத்தைத் தவறவிடும் இடத்தில் தானும் தவறவிட்டாள். மிருதங்கம் வாசித்த ரேஷன் கடைக்காரர், அந்த இடத்தில் அவருக்காக எப்போதும் காத்திருப்பதுபோல, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விழா முடிந்த மறுநாள் விடிந்தபோது ஊரெல்லாம் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கிணற்றடியில், மாடியில், பேருந்து நிறுத்தத்தில், கூப்பிட ஒரு காரணமும் இல்லாமல் கூப்பிட்டார்கள். ஆவுடை வாய் கொப்பளிக்கக்கூட நிற்காமல் உள் அறைக்கு ஓடி, “அம்மா” என்றாள்.

சொர்ணத்தம்மாள் குரல் வந்த திசையில் கையை நீட்டினாள். பிறகு, “எங்கட்டி போன இத்தனை நாளா?” என்றாள். “உனக்குப் பதிலா ஒரு மனுசன் இருந்தான், அவனுக்கு முதல்ல சோறு போடு.”

செண்பகவல்லி வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. பால் பாக்கெட் வாசலில் போட்டால் உள்ளே போனது, காலிப் பை வெளியே வந்தது, அவ்வளவுதான். அவளைக் கூப்பிட ஊரில் எல்லோருக்கும் பயமாக இருந்தது. நாலாம் நாள், நாலு மணிக்கு, ஆவுடை போய்க் கதவைத் தட்டி, தன் குரலில், “அத்தை” என்றாள்.

கதவு திறந்தது. “உள்ள வா” என்றாள் செண்பகவல்லி.

ஆவுடை அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வருஷம் அந்தக் குரலைத் தொண்டையில் சுமந்தவள், அது வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்பதை மறந்தே போயிருந்தாள்.

“என்னட்டி பாக்க? உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன்.” செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஏதோ ஒரு பரபரப்பு இருந்தது. “நாலு நாளா இதைப் பேசிப் பேசிப் பாக்கேன். நாப்பத்தொரு வருசம் அந்த மனுசன் என்னைக் கோவத்துலதான் கூப்பிடுதாருன்னு நினைச்சிருந்தேன். அவுக கூப்பிட்டா பரண்ல இருக்க பாத்திரம் அதிரும். இப்ப உள்ள இருந்து கூப்பிட்டாத்தான் தெரியுது. என் பேரு வாரப்ப மட்டும் தொண்டை நடுங்குதுட்டி. உன் பேரைச் சொன்னேன், நடுங்கல. வேலாயுதம் பேரைச் சொன்னேன், சாமி பேரைச் சொன்னேன், எதுக்கும் நடுங்கல. எனக்குத்தான் அப்படித் தோணுதா, இல்ல உனக்கும்...”

“எனக்கும் நடுங்கும் அத்தை” என்றாள் ஆவுடை. “தினமும் நாலு மணிக்கு நடுங்கும். உங்க மேல எனக்குள்ள பரிதாபம்னு நினைச்சேன்.”

“அப்ப அந்தச் சத்தமெல்லாம்...” என்று செண்பகவல்லி தொடங்கி, முடிக்கவில்லை.

“ஒரு தடவை சொல்லுங்க” என்றாள் ஆவுடை. “நான் கேக்கேன்.”

செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள், யாரையும் பார்க்காமல் “ஏளா செண்பகம்” என்று கூப்பிட்டாள். அவர் கூப்பிட்டதுபோல் அவள் சத்தம் போடவில்லை, மெல்லத்தான் கூப்பிட்டாள், அதனால் அந்த நடுக்கம் நன்றாகக் கேட்டது.